பொறுக்கும் செலவும் பொறுக்காத செலவும்

யாழ்ப்பாண நகரிலிருந்து மேற்கே புறப்படும் மோட்டார் வண்டி, பண்ணைத் தாம்போதியிலே கடலைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைத் தீவினுட் புகுந்து புளியங்கூடலை அடைகிறது. இவ்வழியில் மலையில்லை, செங்குத்தான ஏற்றமும் இறக்கமும் இல்லை. பனைகளுக்கும் வயல்களுக்கும் இடையே பாதை தட்டையாகக் கிடக்கிறது. இத்தகைய பாதையில் வண்டி ஓட்டுவது எளிது. அவ்வெளிமையே ஒரு தவறான எண்ணத்துக்கும் இடங்கொடுத்து விடுகிறது. மலைநாட்டில் ஓடும் வண்டிக்கன்றோ நல்ல பிறேக் வேண்டும். தீவில் ஓடும் வண்டிக்கு அஃது அரைகுறையாக இருந்தாலும் போதாதா என்பதே அவ்வெண்ணம். கராச்சில் எழுதிக் கொடுக்கும் செலவுக் கணக்கைக் கண்ட மாத்திரத்தில் அது மேலும் உரம்பெறும். "அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம்" என்ற சொல்லும் தானே வாயில் வந்துவிடும்.

அவ்வாறு சொல்பவரைக் கடிந்துகொள்வதற்கில்லை. தீவுப்பகுதியிலே கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. நள்ளிரவில் நோயாளியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதற்கும், நயினாதீவுக்குச் செல்லும் அடியார்களைக் குறிகட்டுவான் துறையிற் சேர்ப்பதற்கும், முதியோரை நல்ல காரியத்துக்கும் துக்க காரியத்துக்கும் அழைத்துச் செல்வதற்கும் அதுவே துணை. இத்தகைய வண்டியின் சொந்தக்காரர் பெரும்பாலும் அளவான வருவாய் உடையவர். பிறேக்கும், அதிர்ச்சியைத் தாங்கும் வில் முதலிய பாகங்களும் ஒருங்கே பழுதுற்றால், அவருக்கு ஒரு மாத வருவாய் முழுவதும் போதாமற் போகலாம்.

இச்செலவு எவ்வாறு இத்துணை உயர்ந்தது? உதிரிப்பாகங்களிற் பெரும்பாலானவை கடல் கடந்து வருவன. அவற்றின் விலை டொலரிலே பிறக்கிறது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறிற்று. பின்னர் ஓரளவு இறங்கி, 2025ஆம் ஆண்டில் 300 ரூபாயை அண்டி நின்றது. ஐம்பது டொலர் விலையுள்ள ஒரு பாகத்தை எண்ணிப் பார்ப்போம். முதலில் 10,000 ரூபாய். அடுத்து 18,000 ரூபாய். அதன்பின் 15,000 ரூபாய். பாகம் மாறவில்லை; அதை வாங்கும் பணத்தின் வலிமையே மாறிற்று. தீர்வையும் வணிகர் இலாபமும் இதற்கு மேலே சேர்வன. மேலும், 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அதுவரை பழைய வண்டியையே பேணி ஓட்ட வேண்டியதாயிற்று. வண்டிக்கு வயதேறினாற் பழுதும் ஏறும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவை நாடு முழுவதற்கும் பொதுவானவை. தீவுக்கென்றே உரிய காரணமும் ஒன்றுண்டு, அதுதான் உப்பு. சோளகக் காற்று வீசும் காலத்திற் பண்ணைக் கடலின் துவலை தாம்போதியின்மேற் படிகிறது. வண்டியின் அடிப்புறத்திலே செல்லும் உருக்குக் குழாய்களையும், வில்லுத் தகடுகளையும், ஆணிகளையும் அவ்வுப்பு மெல்லமெல்லத் தின்கிறது. தீவின் கிணறுகள் பலவற்றில் நீர் உவர். அந்நீரால் நாள்தோறும் கார் கழுவுபவர், மேலே தூசியைப் போக்கிக் கீழே உப்பைச் சேர்ப்பவராகிறார். இயன்றபோதெல்லாம் நன்னீரால், அதிலும் வண்டியின் அடிப்புறத்தைக் கழுவுதல் பணச்செலவு மிகவில்லாத வைத்தியமாகும்.

இனி, பிறேக் வேலை செய்யும் முறையைச் சிறிது நோக்குவோம். பாதம் மிதிக்கும் விசையை ஒரு திரவம் குழாய் வழியாக நான்கு சில்லுகளுக்கும் எடுத்துச் செல்கிறது. அங்கே உராய்வுக் கட்டைகள் சுழலும் இரும்பைப் பற்றி நிறுத்துகின்றன. அத்திரவத்தைப் பிறேக் ஒயில் என்று வழங்குகிறோம். பெயரில் ஒயில் என்றிருப்பினும், பொதுவாகப் பயன்படுவது எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயின் இனத்ததன்று. அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றினால், உள்ளிருக்கும் இறப்பர் மூடிகள் ஊதிப் பழுதாகும். பிறேக் ஒயிலுக்கு மற்றொரு குணமும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற வகையைச் சேர்ந்த புதுத் திரவம் 205 பாகை சென்ரிகிரேட் வரையேனும் கொதியாது நிற்க வேண்டும் என்பது விதி. ஈரமேறியபின் அதற்குரிய எல்லை 140 பாகையே. திரவம் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கிக் கொடுக்கும். மிதித்த பாதம் அடித்தட்டுவரை செல்லும். வண்டியோ நில்லாது ஓடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கொருமுறை அத்திரவத்தை மாற்றுவது நன்று. பிறேக் செலவுகளுள் மிகச் சிறியவற்றில் இதுவும் ஒன்று.

சிறிய செலவு பெரிய செலவாக வளரும் விதம் இவ்விடத்திலேதான் தெரிகிறது. முன்சில்லின் உராய்வுக் கட்டை புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தடிப்புடையது. 3 மில்லிமீற்றருக்குத் தேய்ந்தவுடன் மாற்ற வேண்டும். மாற்றாது விட்டால் அதன் இரும்பு முதுகு சுழலும் தட்டை அராவத் தொடங்கும். அப்பொழுது கட்டையுடன் தட்டையும் வாங்க வேண்டும். சிறு இறப்பர் மூடி கசிந்தபோதே அதை மாற்றாவிட்டால், கசிந்த திரவம் பின்சில்லின் உராய்வுப் பட்டையை நனைத்துக் கெடுக்கும், உருளையினுள்ளே துருவேறும், முழுத் தொகுதியையும் மாற்ற நேரும். அதிர்ச்சி தாங்கியின் கதையும் இதுவே. அது தளர்ந்தாற் சில்லு தரையிற் படிந்து உருளாது துள்ளும். ரயர் திட்டுத்திட்டாகத் தேயும். துள்ளும் சில்லை எத்துணை நல்ல பிறேக்கும் பிடித்து நிறுத்தாது. ஒத்திப்போட்ட செலவு வட்டியோடு திரும்பி வருகிறது.

எனினும் எல்லாப் பழுதையும் உடனே தீர்க்க எல்லாராலும் இயலாது. கையிலே பணம் குறைவாக உள்ளவருக்கு வேண்டியது, எது பொறுக்கும், எது பொறுக்காது என்ற தெளிவு. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது இறப்பர்ப் புஷ் ஒன்று கிறீச்சிடுமாயின், மெக்கானிக் பார்த்து அச்சமில்லை என்று சொன்னபின் அது சில வாரம் பொறுக்கும். ஆனால் மிதிபலகை பஞ்சுபோல் அமுங்குதல், திரவம் குறைந்து கொண்டே போதல், நிறுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தல், இரும்போடு இரும்பு உராயும் ஒலி கேட்டல், சில்லைத் தாங்கும் போல் ஜொயின்ற் ஆடுதல் ஆகிய இவ்வைந்தும் ஒருநாளும் பொறாதவை. இவற்றைக் கண்டபின் வண்டியை வீட்டு வளவில் நிறுத்திவிட்டுப் பேருந்திற் செல்வது இழிவாகாது.

கராச்சில் நடந்துகொள்ளும் முறையாலும் செலவு குறையும். வேலை தொடங்குமுன் பழுதின் காரணத்தைக் கேட்டறிதல் வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டுமாறு கேட்டல் மெக்கானிக்கை அவமதிப்பதாகாது. நல்ல தொழிலாளி அதை மகிழ்ந்து காட்டுவார். ஓர் அச்சின் இருபுறமும் ஒருங்கே மாற்றச் சொல்லுதல் வீண் செலவன்று. ஒருபுறம் புதிதும் மறுபுறம் பழையதுமாயின் வண்டி ஒருபுறம் இழுக்கும். வடபுலத்துத் தொழிலாளரின் திறமை ஐயத்துக்கிடமில்லாதது. 1990ஆம் ஆண்டின் பின் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்கள் அவர்களே. ஆயினும் எஞ்சினைச் சமாளிப்பது வேறு. பிறேக்கைச் சமாளிப்பது வேறு. எஞ்சின் பொய்த்தால் வண்டி நின்றுவிடும். பிறேக் பொய்த்தால் வண்டி நில்லாது.

தட்டையான பாதையிலே இதற்கு இத்துணைக் கவலை வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் எல்ல–வெல்லவாய வீதியிற் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தபோது, பிறேக்கைப் பற்றி நாடெங்கும் பேச்செழுந்தது. பள்ளம் இல்லாத ஊரில் அப்பேச்சு விரைவில் அடங்கிவிடும். ஆனால் வேகத்துக்கு மேடென்றும் சமதரை என்றும் வேறுபாடில்லை. பிரித்தானிய வீதி நெறிநூல், மணிக்கு 20 மைல் வேகத்தில் ஓடும் கார் பிறேக் பிடித்தபின் நிற்க 6 மீற்றர் வேண்டும் என்றும், 40 மைல் வேகத்தில் 24 மீற்றர் வேண்டும் என்றும் கணக்கிடுகிறது. வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காகிறது. இது நல்ல பிறேக்குக்கு உரிய கணக்கு. ஏற்றமில்லாத நேர்வீதியே வேகத்தை வளர்ப்பது. மாடும் ஆடும் குறுக்கே பாய்வதும், பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் அணிவகுத்துச் செல்வதும் அதே வீதியிலேதான். இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் உயிரிழக்கின்றனர்.

அரசினர் மேற்பார்வையிலும் ஒரு குறை இருக்கிறது. பேருந்து, லொறி முதலியவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சொந்தக் காருக்கோ ஆண்டு அனுமதிப்பத்திரம் பெறும்போது காப்புறுதியும், 2008ஆம் ஆண்டிலே தொடங்கிய புகைப் பரிசோதனையின் சான்றும் போதும். வண்டி விடும் புகையை அளக்கிறோம். அது நிற்குமா என்று பார்ப்பதில்லை. பிரித்தானியாவில் 1960ஆம் ஆண்டிலேயே பத்தாண்டு கடந்த கார்களுக்குப் பிறேக், விளக்கு, திசைதிருப்பி ஆகியவற்றைச் சோதிப்பது கட்டாயமாயிற்று. இன்று அங்கே மூன்றாண்டு கடந்த கார்களே ஆண்டுதோறும் சோதிக்கப்படுகின்றன. பழைய வண்டிகள் மிகுந்த நமது நாட்டுக்கு இத்தகைய சோதனை மிகவும் வேண்டுவது. கட்டணம் குறைவாகவும், சோதனை நிலையம் ஊருக்கு அண்மையாகவும் இருப்பின் தீவு மக்களும் அதனை ஏற்பர்.

சட்டம் வரும்வரை அச்சோதனையைச் சொந்தக்காரரே செய்துகொள்ள வேண்டியவராகிறார். வீட்டுச் செலவிற் பலவற்றை ஒத்திப்போடலாம்; அதனால் வரும் குறையை வீட்டாரே தாங்கிக்கொள்வர். பிறேக் செலவை ஒத்திப்போட்டால், அக்கடனை அடைக்க நேர்பவர் பெரும்பாலும் வேறொருவர். அவர் காரில் ஒருநாளும் ஏறியிராதவராகவும் இருக்கலாம். வீதியோரத்தில் நடந்து சென்றமையே அவர் செய்த குற்றமாகவும் இருக்கலாம். கராச்சுக் கணக்கைக் கையில் வாங்கும்போது, அதில் எழுதப்படாத இந்த வரியையும் சேர்த்து வாசித்தல் அறிவுடையார் கடமையாகும்.