நிழல் ஒன்று, பொருள் இரண்டு

   

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் இரு சொற்களைப் பற்றிப் பேச விழைகிறேன். ஒன்று ‘ஷேட்’, மற்றொன்று ‘ஷேடோ’. இரண்டையும் நாம் ‘நிழல்’ என்றே சொல்கிறோம்.

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக என் வகுப்பில் ஓர் ஆங்கிலச் சிறுகதையைக் கொடுத்திருந்தேன். மகன் ஒருவன் தந்தையின் ‘ஷேடோ’வில் வாழ்ந்தான் என்பது அதில் ஒரு தொடர். மாணவி ஒருத்தி, ‘தந்தையின் நிழலில் வாழ்ந்தான்’ என்று எழுதினாள். சரியெனக் குறியிட்டேன். பின்னர் அவளே எழுந்து, “அம்மா, நிழலில் வாழ்ந்தவன் ஏன் வீட்டைவிட்டு ஓடுகிறான்?” என்றாள். விடையின்றி நின்றேன். பிழை அவளுடையதன்று, என்னுடையது.

‘ஷேட்’ வெயிலுக்கு ஒதுங்கும் இடம். அதற்கு உருவம் இல்லை. ‘ஷேடோ’ ஒளியை மறைத்த பொருளின் உருவம். அது காலைத் தொடர்வது. தந்தையின் ‘ஷேடோ’வில் வாழ்வதாவது, அவர் புகழுக்குள் தன் முகம் மறைந்து வாழ்வது. தமிழில் தந்தையின் நிழலோ அடைக்கலம். ஒரே தொடர், நேர்மாறான பொருள்!

வியப்பு என்னவெனில், இவ்விரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்ததன் எழுவாய் வடிவம் ‘ஷேட்’ ஆயிற்று. வேற்றுமை ஏற்ற வடிவம் ‘ஷேடோ’ ஆயிற்று. நம் ‘மரம்’ வேற்றுமை ஏற்கையில் ‘மரத்து’ என ஆகிறதல்லவா? நாம் ‘மரத்து’ என்பதைத் தனிச்சொல்லாக்கவில்லை, ஆங்கிலம் ஆக்கிக்கொண்டது. ஆயினும் உறவு முற்றும் அறவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் 91ஆம் சங்கீதத்தில் இறைவனின் ‘ஷேடோ’வே அடைக்கலமாகிறது. ஒருவரை மங்கச் செய்வதை ‘ஷேட்’ கொண்டு சொல்லும் வழக்கும் அம்மொழியில் உண்டு.

நம் வள்ளுவர் ஒரு சொல்லாலேயே இரண்டையும் ஆண்டார். அரண் அதிகாரத்தில் நாட்டைக் காக்கும் காட்டின் குளிர்ச்சி நிழல். தீவினையச்சத்தில் தீமை செய்தவனின் அடியை விட்டு நீங்காததும் நிழல். எது எந்த நிழல் என்பதை அருகில் நிற்கும் சொற்களே காட்டிவிடுகின்றன. ஆகவே நம் சொல் வறியதன்று. அதைக் கையாள்பவர்க்கே விழிப்பு வேண்டும். அந்த விழிப்பு அன்று எனக்கு இல்லை.

பத்தாண்டுகளாக இவ்வட்டம் இளங்கவிஞர்க்கு நிழல் தந்து வருகிறது. மூத்தோராகிய நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நாம் தருவது எந்த நிழல்? களைத்து வருபவர் அமர்ந்து எழுதும் குளிர்ச்சியா, அவர்தம் முகத்தை மறைக்கும் நம் உருவமா? முன்னதாகவே அது என்றும் இருக்கட்டும் என வாழ்த்தி அமைகிறேன்.