அடி தெரிகிறது, அவமானம் தெரியவில்லை

(சோழபுரத்தில் இளைஞர்களுடன் நடந்த திரைப்பட உரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய சண்டைப் படங்களைத் திரும்ப எடுத்தால் ரசிகர்களுக்கு ஏன் பிடிப்பதில்லை? தம்பிகள் எனக்குக் கொடுத்த தலைப்பு இதுதான். சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இது என்ன தலைப்பு என்று பெரியவர்கள் சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தபோது, நாம் பேச வேண்டியதே இதுதான் என்று புரிந்தது.

என் சித்தப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். 1980இல் ரஜினிகாந்த் நடித்த 'முரட்டுக்காளை' வந்தபோது அவருக்குப் பதினாறு வயது. கீற்றுக் கொட்டகையில் தரை டிக்கெட் எடுத்து, மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவர். எத்தனை தடவை பார்த்தார் என்று கேட்டால் சிரிப்பார். பிறகு ராஜபாளையம் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, ஷிப்ட் ஷிப்டாக உழைத்து ஓய்ந்தார். 2012இல் சுந்தர்.சி நடித்து அதே 'முரட்டுக்காளை' திரும்ப வந்தது. தியேட்டரில் நிற்கவில்லை. பின்னாளில் அதை டிவியில் போட்டபோது சித்தப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் எழுந்து வெற்றிலைப் பையைத் தேடினார். "என்ன சித்தப்பா, பிடிக்கலையா?" என்றேன்.

"சண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்கு அடிக்கான்னுதான் தெரியல" என்றார்.

நான் இன்று பேசப்போவது அந்த ஒரு வரியைத்தான்.

ரீமேக் என்றாலே மட்டம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. நாம் கொண்டாடிய பழைய படங்களில் பல ரீமேக்தான். எம்.ஜி.ஆர். நடித்த 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965இல் வந்தது. அது முந்தைய ஆண்டு தெலுங்கில் வந்த 'ராமுடு பீமுடு' படத்தின் தமிழ் வடிவம். ரஜினியின் 'பில்லா' (1980), அமிதாப் பச்சன் நடித்த 'டான்' (1978). ரஜினியின் 'தீ' (1981), அமிதாப்பின் 'தீவார்' (1975). இவையெல்லாம் பிற மொழியிலிருந்து வந்தவை என்று நம் மக்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் பார்த்தது தங்களுக்குத் தெரிந்த ஒன்றை.

'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். சவுக்கை எடுத்து நம்பியாரை விளாசும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சவுக்கு என்றால் இன்றைக்கு நமக்கு ஒரு சினிமாப் பொருள். 1965இல் கொட்டகையின் தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது சினிமாப் பொருள் அல்ல. தஞ்சைப் பண்ணைகளில் கூலிக்காரனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அவன் நினைவில் இருந்தது. கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டது அந்தப் படம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25இல். அப்படிப்பட்ட காலத்தில், அடிப்பவன் கையில் இருந்த சவுக்கு அடிபட்டவன் கைக்கு மாறுகிறது. கொட்டகை ஏன் அதிர்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பேராசிரியர் கா. சிவத்தம்பி ஒன்றைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் திரையரங்கம்தான் என்பது அவர் கருத்து. கோயில் அப்படி இல்லை, கூத்து நடக்கும் இடமும் அப்படி இல்லை. கொட்டகையில் தரைக்கும் பெஞ்சுக்கும் நாற்காலிக்கும் காசில்தான் வித்தியாசம். அந்தக் கூரைக்குள் இருந்த மூன்று மணி நேரம் நம் மக்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை இந்தப் பக்கத்து ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் படங்கள் சாதியின் பெயரைச் சொல்லவில்லை. பணக்காரன், ஏழை என்று சொன்னார்கள். ஜமீன்தார், உழைப்பாளி என்று சொன்னார்கள். நாயகன் எந்தத் தெருக்காரன் என்று கேட்டால் படத்தில் பதில் இருக்காது. பரீட்சையில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்று வருமே, அதுபோல ஒரு கோடு போட்டு விட்டுவிட்டார்கள். அதில் நம் மக்கள் தங்கள் தெருப் பெயரை எழுதிக்கொண்டார்கள். சித்தப்பா எழுதியது என்ன என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் அவருக்குத் தனியாக வைத்திருந்த கிளாஸை அவர் எழுதினார். 'முரட்டுக்காளை'யில் ஜெய்சங்கர் செய்த ஜமீன்தார் முகத்தில், தன்னை வயது பார்க்காமல் 'டேய்' என்று கூப்பிட்டவரின் முகத்தை ஒட்டிக்கொண்டார். ரஜினி ஓங்கிய கை அவருடைய கை.

ரீமேக் எடுப்பவர்கள் தொலைப்பது இந்தக் கோட்டைத்தான். அவர்கள் பழைய படத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். காளையை அடக்குவது தெரிகிறது, ரயில் மேல் சண்டை தெரிகிறது, வசனம் தெரிகிறது. எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். கொட்டகையில் மணல்மேல் உட்கார்ந்திருந்தவன் அந்தப் படத்தில் கொண்டுவந்து சேர்த்த பாதி, பிரிண்டில் இல்லை. அதனால் அது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோடு இருந்த இடத்தில் நாயகனின் பட்டத்தையும் மெதுநகர்வையும் கூலிங்கிளாஸையும் போட்டு அடைக்கிறார்கள்.

'டான்' கதைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1978 படத்தில் கடத்தல்காரனின் இடத்தில் போய் நிற்பவன் தெருவில் ஆடிப் பாடிப் பிழைக்கும் ஒருவன். அவனுக்கு உதவ வரும் இன்னொருவர் சர்க்கஸில் கயிற்றில் நடந்தவர். இரண்டு பேருமே உடம்பை நம்பி வாழ்கிற கூலிகள். நம் 'பில்லா'விலும் ராஜப்பா தெருவில் ஆடுகிறவன்தான். 2006இல் ஷாருக் கானை வைத்து 'டான்' திரும்ப எடுக்கப்பட்டது. கயிற்றில் நடந்தவர் அங்கே கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகிவிட்டார். அதைவிட முக்கியம் கடைசித் திருப்பம். அந்தத் தெருப் பாடகன் எப்போதோ செத்துவிட்டான், இவ்வளவு நேரம் நாம் பார்த்தது கடத்தல்காரனையேதான் என்று படம் முடிகிறது. படம் நன்றாக ஓடியது, திருப்பமும் சாமர்த்தியமானது, மறுக்கவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். ஏழை ஜெயித்த கதையில் ஏழை செத்துவிட்டான். அதற்கும் கை தட்டினோம்.

இன்னொன்று, அண்மையில் நடந்தது. 2020இல் மலையாளத்தில் சச்சி இயக்கிய 'அய்யப்பனும் கோஷியும்'. அட்டப்பாடி மலையில் ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்கும், பணமும் செல்வாக்கும் உள்ள முன்னாள் ராணுவக்காரனுக்கும் நடக்கிற மோதல். அய்யப்பனின் மனைவி கண்ணம்மா பழங்குடிப் பெண், மக்களுக்காகப் போராடுகிறவர். கோஷியை நேருக்கு நேர் நிறுத்திப் பேசுகிறார். படத்தில் பாடிய இருளர் சமூகத்துப் பெண் நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 2022இல் இது தெலுங்கில் 'பீம்லா நாயக்' ஆனது. தலைப்பைக் கவனியுங்கள். மூலத்தில் இரண்டு பெயர், ரீமேக்கில் ஒரே பெயர், அதுவும் உச்ச நட்சத்திரம் ஏற்ற பாத்திரத்தின் பெயர். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த தராசு, போஸ்டர் ஒட்டும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கண்ணம்மாவின் இடத்தில் வந்தவரிடம் அந்தப் போராட்டக்காரி இல்லை. சண்டை மட்டும் பெரிதாகிவிட்டது.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, அந்தக் காலத்துப் படமே படம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் கோட்டை நாம் மட்டுமா நிரப்பினோம்? ஜமீன்தார் அடிவாங்கும்போது என் சித்தப்பா தரையில் விசிலடித்தார். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பண்ணையார் வீட்டுப் பையனும் அதே இடத்தில் விசிலடித்தான். அவன் தன்னையே ரஜினியாக நினைத்துக்கொண்டான். படம் விட்டதும் இருவரும் ஒரே பாதையில் நடந்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் சித்தப்பா சைக்கிளிலிருந்து இறங்கினார். அவன் இறங்கவில்லை. பெயர் சொல்லாத படம் நமக்கு ஒரு கனவைக் கொடுத்தது, அவனுக்கு எந்த உறுத்தலையும் கொடுக்கவில்லை. கோடு போட்டு விட்டதில் இருக்கிற சிக்கல் அதுதான்.

அந்தக் கோட்டில் மையால் எழுதத் தொடங்கியவர்கள் பின்னால் வந்தார்கள். பா. ரஞ்சித்தின் 'காலா' 2018இல் வந்தது, மாரி செல்வராஜின் 'கர்ணன்' 2021இல். 'அசுரன்' (2019) இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் அதுவும் ஒரு வகையில் திரும்பச் சொன்ன கதைதான். நம் கரிசல் பக்கத்துக்காரர் பூமணி 1982இல் எழுதிய 'வெக்கை' நாவல் அதன் மூலம். வெற்றிமாறன் அதை அப்படியே எடுக்கவில்லை. பஞ்சமி நிலத்தைப் பேசினார், கீழ்வெண்மணியை நினைவூட்டும் தீயைக் காட்டினார், செருப்பைத் தலையில் சுமக்க வைக்கப்பட்ட பெண்ணைக் காட்டினார். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பற்றி, நிலம் பறிபோனவர்களின் பேரப்பிள்ளைகள் தியேட்டரில் கேட்டார்கள். படத்தில் தனுஷ் எழுந்து அடிப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் பணிந்து நிற்கிறார், காலில் விழுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவு பணிவையும் நாம் பார்த்ததால்தான் அந்த அடிக்கு எடை வந்தது.

அதே 'அசுரன்' 2021இல் தெலுங்கில் 'நாரப்பா' ஆனது. பெரும்பாலும் காட்சிக்குக் காட்சி மூலத்தையே பின்பற்றினார்கள். சட்டகத்தைக் கொண்டுபோனார்கள். ஆந்திர மண்ணில் நிலம் இழந்தவன் கதை எங்கே, அந்த ஊரின் தீ எங்கே என்று தேடிப் போயிருந்தால் அது அவர்களுடைய படமாகியிருக்கும். விசுவாசமாக நகலெடுப்பதும் ஒரு வகை மறதிதான்.

இப்போது ஏன் இதை நாம் பேச வேண்டும் என்பதற்கு வருகிறேன். நம் பகுதியில் இன்று அதிகம் ஓடுகிற ரீமேக் தியேட்டரில் இல்லை. நம் பையன்கள் கையில், போனில், முப்பது வினாடி ஸ்டேட்டஸாக ஓடுகிறது. ஏதோ ஒரு பழைய படத்தின் சண்டையை வெட்டுகிறார்கள். முன்னும் பின்னும் கிடையாது. யார், யாரை, எதற்கு அடித்தான் என்பது கிடையாது. அதன்மேல் சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டு, சாதிக் கொடியின் நிறத்தைப் பூசி அனுப்புகிறார்கள். 1992இல் வந்த 'தேவர் மகன்' அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லித்தான் முடிகிறது. ஊரில் மிஞ்சியது அந்த முடிவா, பாட்டா? காரணத்தை உருவிவிட்டால் எந்த அடியையும் எந்தச் சாதியும் எடுத்துக்கொள்ளலாம். ஜமீன்தாரை அடித்த கையை வெட்டி எடுத்து, கூலிக்காரன் மகனை மிரட்டப் பயன்படுத்தலாம்.

இது வெறும் சினிமாப் பேச்சு இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை அவருடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதையும் சாதியைக் காட்டும் அடையாளங்களையும் தடைசெய்யச் சொன்னது. கயிற்றை வாத்தியார் அறுத்துவிடலாம். போனில் ஓடும் அந்த முப்பது வினாடியை யார் அறுப்பது?

ஆகவே தம்பிகள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். பழைய படத்தில் நாம் நேசித்தது அடியை அல்ல. அடி விழுவதற்கு முன்னால் இருந்த அவமானம் நம்முடையது என்பதால், அதை அடையாளம் கண்டுகொண்டோம். அவமானத்தை விட்டுவிட்டு அடியை மட்டும் திரும்ப எடுத்தால், நமக்கு அது அந்நியமாகத்தான் இருக்கும். அந்த ஏமாற்றத்தை நினைத்து வருத்தப்படாதீர்கள். என்னைக் கேட்டால் அது நல்ல அறிகுறி. பார்க்கிறவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்குக் கவலை, அந்த ஏமாற்றமே வராத பையனைப் பற்றித்தான். வெறும் அடியே போதும் என்று நினைக்கிற பையன் நம் தெருவிலும் இருக்கிறான், அவர்கள் தெருவிலும் இருக்கிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில் 'முரட்டுக்காளை' போடலாம் என்று தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள், 1980இல் வந்தது. சித்தப்பாவைக் கூட்டிவருகிறேன். எந்தத் தெருப் பையன் வந்தாலும் உட்காரவையுங்கள். ஒவ்வொரு சண்டை தொடங்கும்போதும் படத்தை நிறுத்துவோம். யார், யாரை, எதற்கு அடிக்கப்போகிறான் என்று கேட்போம். பதில் வந்த பிறகு மறுபடி ஓட்டுவோம். படம் முடிய ராத்திரி ஆகிவிடும், வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.