தோண்டிப் பார்க்காதீர்கள்

(தை மாதப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், கிளார்க்காக. தாவரவியல் எனக்குப் பாடமே இல்லை. ஆனாலும் இன்று ஒரு விதைக்காகப் பேச வந்திருக்கிறேன்.

புரட்டாசியில் பின்பக்க காம்பவுண்டை ஒட்டி 40 பனங்கொட்டை நட்டோம். நாலு மாதமாகியும் மண்ணுக்கு மேலே ஒரு பச்சை தெரியவில்லை. 'எல்லாம் செத்துப்போச்சு, அங்கே டூ வீலர் நிறுத்தலாம்' என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் கோரிக்கை வந்திருக்கிறது. இட நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் முடிவெடுக்கும் முன் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

இரவு ஊறவைத்த கொண்டைக்கடலை ஒன்றை எடுத்துத் தோலை உரியுங்கள். அந்தத் தோல்தான் விதையுறை. உள்ளே இருப்பதற்குக் காவல். உள்ளே இரண்டு பருப்பு. அவைதான் வித்திலைகள், செடி சொந்தமாகச் சம்பாதிக்கும்வரை அதற்கான சாப்பாடு அங்கேதான் இருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு முனை தெரியும். அதில் ஒரு பக்கம் முளைவேர், மறுபக்கம் முளைக்குருத்து. தண்ணீர் பட்டதும் முதலில் வெளியே வருவது வேர்தான். தண்ணீருக்கு வழி பண்ணிக்கொண்ட பிறகுதான் குருத்து மேலே எழும்பும்.

பனங்கொட்டையில் வித்திலை ஒன்றே ஒன்று. சாப்பாடு அதில் இல்லை. முளைசூழ்தசை என்ற தனிச் சேமிப்பில் இருக்கிறது. கோடையில் நாம் சாப்பிடும் நுங்கு அதுதான். முற்றினால் கல் மாதிரி ஆகிவிடும். எங்கள் பாஷையில் சொன்னால், ஃபிக்ஸட் டெபாசிட்.

அதை எடுத்துக் கொடுப்பது வித்திலையின் வேலை. அதன் ஒரு முனை கொட்டைக்குள்ளேயே பஞ்சு மாதிரி பருத்து, அந்தக் கல்லைக் கரைத்து உறிஞ்சுகிறது. தெற்கே அந்தப் பஞ்சைத் தவுண் என்று விரும்பிச் சாப்பிடுவார்கள். ரோட்டோரத்தில் விற்கும் தேங்காய்ப்பூவும் இதே உறுப்புதான். வித்திலையின் இன்னொரு முனை குழாய் மாதிரி நீண்டு, கருவைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. ஆழத்தில் போய்த்தான் வேர் கீழேயும் குருத்து மேலேயும் கிளம்பும். குருத்தைச் சுற்றி மாவுச்சத்து சேர்ந்து பருப்பதுதான் பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்ற பனங்கிழங்கு.

ஆக, மற்ற விதைகள் மேலே வரும் நேரத்தில் பனை கீழே போய்க்கொண்டிருக்கிறது. முதல் ஓலை வெளியே தெரியப் பல மாதம் ஆகும். ஒரு வருடம்கூட ஆகலாம். மழை பொய்த்தாலும் பனை நிற்பதற்கு அஸ்திவாரம் இந்த இறக்கம்தான்.

ஒரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். மார்கழியில் பொறுமை இல்லாமல் நானே ஒன்றைத் தோண்டினேன். உடைந்து கையோடு வந்தது வெள்ளைக் கிழங்கு. உயிரோடு இருந்ததை நான்தான் கொன்றேன். கணக்கில் இப்போது மீதி 39.

பனை நம் மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாக அரசே அறிவித்தது. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னது. கன்டெய்னர் லாரி ஓடும் இந்த ஒரகடம் ரோட்டை விட்டு உள்ளே போனால், ஏரிக்கரைகளில் இன்னும் பனை நிற்கிறது. அதை நட்டவர்கள் நுங்கு சாப்பிட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். காய்க்கப் பல வருடம் ஆகும். எனக்கும் அந்த நுங்கு கிடைக்குமா தெரியாது.

நான் கேட்பது ஒன்றுதான். வரும் புரட்டாசிவரை அந்த இடத்தில் வண்டி ஏற வேண்டாம், யாரும் தோண்டவும் வேண்டாம். அதுவரை என் ஸ்கூட்டரை கேட்டுக்கு வெளியே நிறுத்திக்கொள்கிறேன். என் இடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.