கையில் என்ன கயிறு?

(நம் வளாகப் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

உறியடிக்கு முன்னால் பத்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். கம்பைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்னையே முறைத்துப் பார்க்கிறார்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

முதலில் எல்லோரும் அவரவர் மணிக்கட்டைப் பாருங்கள். மேடையிலிருந்து பார்த்தால் பாதிப் பேர் கையில் கயிறு இருக்கிறது. சிவப்பு, கறுப்பு, மஞ்சள், இரண்டு மூன்று நிறம் சேர்த்து முறுக்கியது. வரலட்சுமி நோன்புக்குக் கட்டியதை இன்னும் அவிழ்க்காதவர்கள் இருப்பீர்கள். காசிக்குப் போய்வந்தவர் கொடுத்த கறுப்புக் கயிறு சிலருக்கு. கேதார கௌரி நோன்புக் கயிறு சிலருக்கு. முன்வரிசையில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளின் கையில் இருப்பது சாமியா, சிநேகிதமா, ஃபேஷனா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது எனக்குப் பெருமை தரும் காரணம் இல்லை.

போன ஐப்பசியில் நம் பிளாக்கில் ஒரு ஃப்ளாட் காலியானது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். சாவியை என்னிடம் கொடுத்து, "நல்ல குடும்பமா பாத்து விடுங்க சார்" என்று சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு இளைஞர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் எப்படி, லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்று எல்லாம் சரியாகத்தான் கேட்டார்கள். அந்தப் பெண் பால்கனியில் நின்று, கொடி கட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். குழாயைத் திறந்து பார்க்க அவர் கையை நீட்டியபோது மணிக்கட்டில் ஒரு பச்சைக் கயிறு தெரிந்தது.

அவ்வளவுதான். நான் அவர் பெயரைக்கூட இன்னும் கேட்கவில்லை. "ஏற்கெனவே ஒருத்தர் கேட்டிருக்காங்க தம்பி, பார்த்துச் சொல்றேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்படி யாரும் கேட்டிருக்கவில்லை. அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். அந்தப் பார்வையிலிருந்து, அவருக்கு இது முதல் தடவை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

மாலையில் வீட்டில் சொன்னேன். என் மனைவி சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சியை நிறுத்திவிட்டு, "ஏங்க, அத்தை உங்களுக்கு ஒரு கயிறு கட்டினாங்களே, அது எங்கே கட்டினது?" என்று கேட்டாள்.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். பூவராக சுவாமி கோயில் ஊர். தானாகத் தோன்றிய மூர்த்தி என்று வைணவர்கள் சொல்லும் எட்டுத் தலங்களில் ஒன்று. புருஷசூக்த மண்டபத்துத் தூண்களை இன்னும் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்வர வேண்டும். ஆனால் இப்போது நான் சொல்ல வந்தது மாசி மகம். பெருமாள் அன்று கடலில் தீர்த்தவாரி காண, சிதம்பரத்துக்கு அப்பால் பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிள்ளைக்குப் போவார். வழியில் எத்தனையோ ஊர்களில் மண்டகப்படி. கிள்ளை தைக்காலில் ஒரு தர்கா இருக்கிறது. பெருமாள் அங்கே வந்ததும் இஸ்லாமியர்கள் எதிர்கொண்டு வரவேற்றுப் பட்டுச் சாத்துவார்கள். கோயில் தரப்பிலிருந்து தர்காவுக்கு மாலை மரியாதை போகும். அங்கே பாத்தியா ஓதுவார்கள். அதன் பிறகுதான் பெருமாள் கடற்கரைக்குப் போவார். யாரோ ஒரு வருடம் நல்லிணக்கத்துக்காக ஏற்பாடு செய்த விழா இல்லை இது. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. செய்தித்தாளில் வந்த பிறகுதான் இது ஒரு செய்தி என்றே எங்களுக்குத் தெரிந்தது!

எனக்கு ஆறு வயதிருக்கும்போது இரவில் அலறி எழுவேனாம். வைத்தியம் பார்த்தும் நிற்கவில்லை. அந்த வருட மாசி மகத்துக்குப் போன அம்மா, பெருமாளைச் சேவித்த கையோடு என்னைத் தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு போய், மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். தினமும் திருமண் இட்டுக்கொள்ளும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை என்ன மதம் என்று கேட்கவில்லை. நைந்து அறுந்து போகும்வரை அது என் கையில் இருந்தது. அந்தக் கயிற்றைப் பார்த்து என் அம்மாவுக்கு அன்று யாராவது வீடு இல்லை என்று சொல்லியிருந்தால்?

இந்தக் கயிறு விவகாரம் நம் வளாகத்தோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கு ஒரு நிறம் என்று கயிறு கட்டுகிறார்கள் என்று 2018 பேட்ச் ஐ.ஏ.எஸ். பயிற்சி அதிகாரிகள் சிலர் புகார் கொடுத்தார்கள். அதைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறங்களையே அதில் எழுதியிருந்தார்கள். கயிறு கட்டுவது மத நம்பிக்கை, அதில் எப்படிக் கை வைக்கலாம் என்று எதிர்ப்பு கிளம்பியது. தனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது, பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட்டார். பிறகு 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையிலும், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம் என்ற பரிந்துரை இருந்தது. மறுபடியும் எதிர்ப்பு.

இதில் நான் கவனித்தது வேறு. நான் முஸ்லிம் என்று படித்த அதே பச்சைக் கயிற்றை, அந்தப் பள்ளிக்கூடங்களில் ஒரு சாதி என்று படிப்பார்கள். இன்னொருவர் முருகன் கோயில் என்று நினைத்திருப்பார். கயிறு ஒன்றுதான்.

கயிற்றை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்பின் படம் நினைவிருக்கிறதா? ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு நடந்துவரும் படம். அவன் மணிக்கட்டில் கோயில்களில் கட்டுகிற மாதிரிக் கயிறு இருந்தது. இந்தியர்கள் என்று நினைக்கட்டும் என்பதற்காக மும்பை சித்திவிநாயகர் கோயிலில் அந்த மாதிரிக் கயிறுகளை வாங்கிக் கொடுத்ததாக டேவிட் ஹெட்லி 2016-இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னான். ஒரு இந்துப் பெயரில் போலி அடையாள அட்டையும் இருந்தது. நூறு ரூபாய்கூடப் பெறாத கயிறு. நாம் எப்படிப் படிப்போம் என்று சதி செய்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கீழே கேட்டில் கையைப் பார்த்து ஆளை எடைபோடுவது பாதுகாப்பு என்று நம்மில் சிலர் நினைப்பதால் இதைச் சொல்கிறேன். நம் செக்யூரிட்டி தம்பிகளிடம் அப்படிச் சொல்லிவைத்திருப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை, பொங்கலும் அதுவுமாக.

அந்தத் தம்பி யார், என்ன மதம் என்று உங்களில் சிலருக்குக் கேட்கத் தோன்றும். எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் காலையில் போன் செய்து, "வீடு இருக்கு தம்பி, நேத்து நான் சொன்னது சரியில்ல" என்றேன். அவர் அதற்குள் வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். "நீங்க கூப்பிட்டீங்களே சார், அதுவே போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. கயிறு எங்கே கட்டியது என்று கேட்க நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் முஸ்லிம் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் செய்தது பெரிய தப்பு, ஆமாம் என்று சொல்லியிருந்தால் சின்னத் தப்பு என்று ஆகிவிடுமா?

ஃப்ளாட் உரிமையாளருக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "நல்ல குடும்பம் என்று நான் சொன்னது வாடகையைத் தேதிக்குக் கொடுக்கிறவர்களைத்தான் சார்" என்று எழுதியிருந்தார். அந்த வீட்டுக்கு இப்போது வேறொரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் கையைப் பார்க்கக் கூடாது என்று நானும் முயற்சி செய்கிறேன். அறுபது வருடப் பழக்கம், கண் தானாகப் போகிறது.

சரி, பிள்ளைகள் கம்பைத் தரையில் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியாக ஒரு அறிவிப்பு. இந்த வருட மாசி மகத்துக்குக் கிள்ளைக்கு ஒரு வேன் பேசலாம் என்று இருக்கிறேன். பெருமாள் தர்காவுக்கு வரும் நேரத்தில் நாம் அங்கே இருக்க வேண்டுமென்றால் இங்கிருந்து இருட்டிலேயே கிளம்ப வேண்டும். விருப்பமுள்ளவர்கள் பெயரும் ஃப்ளாட் எண்ணும் செயலாளரிடம் கொடுங்கள். ஃபிளாஸ்கில் காபி நான் கொண்டுவருகிறேன், டம்ளர் நீங்கள் எடுத்துவாருங்கள்.