தொழிலும் மனநிறைவும்

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ‘தொழிலும் மனநிறைவும்’ என்பது. அறநூலார் பலரும் விரித்துரைத்த பொருளாதலின், இதன்கண் புதிதாகச் சொல்ல யாது உளது எனச் சிலர் எண்ணுதல் கூடும். ஆயினும் யாம் இன்று நூல்களைத் துணைக்கொள்ளாது, ஒரு ரொட்டிக் கடையைத் துணைக்கொண்டே இதனை ஆராயக் கருதுகின்றோம்.

மும்பை மாநகரில் கிராண்ட் ரோடு புகைவண்டி நிலையத்திற்கு எதிரே பி. மெர்வான் என்னும் ரொட்டிக் கடை 1914-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஈரான் தேசத்தினின்று வந்து குடியேறிய ஜொராஸ்திர மதத்தினர் அந்நகரின் தெரு மூலைகள்தோறும் நடத்திய கடைகளுள் இதுவும் ஒன்று. பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவைச் சேர்த்து இவர்கள் செய்த ‘மாவா கேக்’ அந்நகரத்தார் நாவில் நிலைபெற்றது. கடைக்கு நூறாண்டு நிரம்பும் 2014-ஆம் ஆண்டில், மார்ச்சு மாத இறுதியோடு அது மூடப்படும் என்னும் செய்தி பரவிற்று. அவ்வளவில் மக்கள் திரண்டு வந்து வரிசையில் நின்றனர்; கடைசி முறையாக ஒரு கேக்கேனும் கிட்டாதா என ஏங்கினர். பின்னர் அக்கடை மீண்டும் திறக்கப்பெற்றது என்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அவ்வினத்தைச் சேர்ந்த கடைகள் பல மீளாமலே மூடின. ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த ஈரானியர் கடைகள் இன்று சில பத்துகளாய்ச் சுருங்கிவிட்டன.

அன்பர்களே, ஊராரின் அன்பு ஒன்றே ஒரு கடையை நிலைநிறுத்துமாயின் உலகில் எந்தக் கடையும் மூடப்படாது. அன்று வரிசையில் நின்றோருள் எத்துணைப் பேர் அதற்கு முந்திய ஆண்டில் அங்கே நாள்தோறும் சென்றனர்? எத்துணைப் பேர் தம் மகனை அவ்வடுப்பின் முன்னின்று தொழில் கற்குமாறு அனுப்ப ஒருப்படுவர்? முதல் வினாவினும் இரண்டாம் வினாவே நம்மைச் சுடுவது.

அத்தொழில் எத்தகையது என்பதைச் சிறிது நோக்குவோம். ரொட்டி செய்வோன் தொழில் ஊர் உறங்கும்போது நிகழ்வது. முன்னிரவில் மாவைப் பிசைந்து புளிக்க வைத்தல் வேண்டும். பொங்கிய மாவை அமுக்கிப் பிரித்து உருட்டி அச்சில் இடல் வேண்டும். அதற்குள் செங்கல் அடுப்பில் விறகை எரித்துச் சூடேற்றி வைத்தல் வேண்டும். ஒருமுறை ஏற்றிய சூட்டை அவன் படிப்படியாகப் பயன்கொள்வான். மிக்க சூட்டில் ரொட்டியும் பன்னும் வேகும். சூடு தணிந்தபின் கேக்கும் பிஸ்கோத்தும் வேகும். எஞ்சிய வெம்மையில் அரிந்த ரொட்டித் துண்டுகள் உலர்ந்து ரஸ்க்கு ஆகும். குளிர்நாளில் மாவு புளிக்கும் நேரம் நீளும், கோடையில் குறுகும். எவ்வளவு நீளும், எவ்வளவு குறுகும் என்பதைப் பழகிய கையே அறியும், ஏடு அறியாது.

இங்ஙனம் இரவெல்லாம் உழைத்துப் பெறும் ஊதியமோ சிறிது. ஆலையில் செய்து உறையிலிட்ட ரொட்டி மலிவாய் எவ்வூருக்கும் வந்துவிடுகின்றது. விறகின் புகை நகரத்தார் மூச்சுக்குத் தீங்கு பயத்தலின், 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் ரொட்டிக் கடைகள் ஆறு திங்களுக்குள் வேறு எரிபொருளுக்கு மாறுதல் வேண்டுமெனக் கட்டளையிட்டது. கட்டளை முறையானதே, ஆயினும் புதிய அடுப்புக்குப் பொருளின்றித் தவிக்கும் சிறு கடைக்காரனுக்கு அது பெருஞ்சுமையன்றோ? இவற்றோடு, படித்த பிள்ளைகள் அத்தொழிலை விரும்பாமையும் சேருமாயின் கடை மூடப்படுதல் வியப்பன்று.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ரொட்டியையே உயிராகக் கொண்ட பிரான்சு தேசத்தில் 1970-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 55,000 ரொட்டிக் கடைகள் இருந்தன. 2022-ஆம் ஆண்டில் அவை ஏறத்தாழ 35,000 ஆகக் குறைந்துவிட்டன. அந்நாட்டார் என் செய்தனர்? மாவைப் பிசைவது முதல் சுட்டெடுப்பது வரை தன் இடத்திலேயே செய்யாத எவனும் தன் கடைக்கு ரொட்டிக் கடை என்று பெயரிடலாகாது என 1998-ஆம் ஆண்டில் சட்டம் செய்தனர். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம், ‘பாகெத்’ என்னும் நீண்ட ரொட்டியைச் செய்யும் கைத்திறனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஈண்டு ஏற்கப்பட்டது ரொட்டியன்று, கடையுமன்று. அதனைச் செய்யும் கைத்திறனே என்பதை நீவிர் உளங்கொளல் வேண்டும்.

இனி நம் பக்கத்து ஊர்களைப் பார்ப்போம். நம் சங்கரன்கோவிலுக்கு வடக்கே திருவில்லிபுத்தூர், கிழக்கே கோவில்பட்டி, தெற்கே திருநெல்வேலி. பால்கோவாவும், கடலை மிட்டாயும், அல்வாவும் இவ்வூர்களுக்குப் பெயர் தந்தன. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டிலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதே. ஆயின், அக்குறியீடு பெயரைக் காக்குமேயன்றிப் பாகின் பதமறிந்த கையைக் காவாது. அப்பதத்தைக் கற்க ஒருவன் முன்வந்தாலொழியக் குறியீட்டுப் பத்திரம் சுவரில் தொங்க, அடுப்பு அணைந்து கிடக்கும்.

“ஆயின் தந்தையின் தொழிலை மகன் செய்தே தீரல் வேண்டும் என்கிறீரோ?” என இளைஞர் சிலர் கேட்கலாம். அன்று, ஒருகாலும் அன்று. 1953-ஆம் ஆண்டில் இராசாசி அவர்களின் அரசு, தொடக்கப் பள்ளிச் சிறுவர் பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மக்கள் அதனைக் ‘குலக்கல்வி’ எனப் பெயரிட்டு எதிர்த்தனர். காமராசர் முதலமைச்சரான 1954-ஆம் ஆண்டிலேயே அது கைவிடப்பட்டது. அங்ஙனம் கைவிட்டதனாலன்றோ நம் இல்லங்களில் இன்று ஆசிரியரும் மருத்துவரும் பொறியாளரும் உளர்! பிறப்பினால் ஒருவன் தலையிற் கட்டிய தொழில் அவனுக்கு விலங்கே. விலங்கில் மனநிறைவு யாண்டையது? ஒரு கடைக்காரரின் மகள் தான் விரும்பிய படிப்பைப் படித்து வேறு பணிக்குச் செல்ல, அதனால் அவர் கடையை மூடுவாராயின், அஃது அக்குடும்பத்தின் தோல்வியன்று. அக்கடை தன் கடமையை முடித்தது என்றே யாம் கூறுவோம்.

அங்ஙனமாயின் நாம் வருந்தத் தக்கது யாது? கடையோடு கைத்திறனும் மறைந்து போதலே. கைத்திறன் குருதி வழியாய் வருவதன்று. கற்றலின் வழி வருவது. இதற்குச் சான்று தலைச்சேரியில் உளது. அங்கே மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880-ஆம் ஆண்டில் பிஸ்கோத்துத் தொழிற்சாலை தொடங்கினார். அத்தொழிலை அவர் பர்மாவிற் பயின்றார் என்பர். 1883-ஆம் ஆண்டில் மர்டாக் பிரவுன் என்னும் ஆங்கிலத் தோட்டக்காரர் தம் நாட்டுக் கேக் ஒன்றைக் கொணர்ந்து, இதுபோற் செய்து தருக என்றார். உள்ளூர்க் கொல்லரைக்கொண்டு அச்சுச் செய்வித்து, அவ்விடத்துக் கிடைத்த பொருள்களைக் கூட்டி, பாப்பு அதனைச் செய்து முடித்தார். பின்னர் அவர் குடும்பத்தார் கேரள நாட்டின் பல ஊர்களில் வேறு வேறு பெயர்களில் கடை வைத்தனர். நம் திருநெல்வேலி அல்வாவும் வடநாட்டினின்று வந்தோர் கற்பித்ததே என்பதை ‘லாலா கடை’ என்னும் பெயரே காட்டும். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்றும், அதனைச் சுடும் அடுப்பைப் ‘போறணை’ என்றும் வழங்குவர். இரண்டும் போர்த்துக்கேசியர் வழி வந்த சொற்கள். ஆயினும் அது சுடப்படும் இடத்துக்கு ‘வெதுப்பகம்’ என இனிய தமிழ்ப் பெயர் இட்டனர். அயலாரிடம் கற்றதை நமதாக்கிக்கொண்ட நாம், நமதை அயலாருக்குக் கற்பிக்க ஏன் தயங்குதல் வேண்டும்?

மனநிறைவு என்பது யாது என்பதையும் இவ்விடத்தே ஆராய்வோம். கிடைத்தது போதுமென்று முயற்சியின்றி இருத்தல் மனநிறைவன்று, அது மடிமை. குறைந்த கூலி கொடுப்போன், “உனக்கு மனநிறைவு வேண்டும்” எனத் தொழிலாளிக்கு அறிவுரை கூறுதலும் அறமன்று. உண்மை மனநிறைவுக்கு மூன்று வேண்டும். தொழிலைத் தானே விரும்பித் தெரிந்துகொள்ளல் ஒன்று. செய்த பொருளை முதலிலிருந்து முடிவு வரை தன் கையாற் செய்து முடிந்த உருவிற் காணல் ஒன்று. அதனைக் கொள்வோன் முகத்தைக் காணல் ஒன்று. விடியற்காலையில் சூடான ரொட்டியை அடுப்பிலிருந்து எடுப்போன் இம்மூன்றையும் ஒரே நாளிற் பெறுகின்றான். தறியில் நெய்வோனும், கரும்பலகை முன் நிற்கும் எம்மனோரும் அவனிடம் கற்கத் தக்கது இது.

ஆனால் நாம் அவனுக்குக் கொடுக்கும் மதிப்பு யாது? பள்ளியில் தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசும் மாணவரை யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அக்கூச்சம் அவர்தம் உள்ளத்தில் தானே முளைத்ததன்று. நம் திண்ணைப் பேச்சில் முளைத்தது. பெண் கேட்டு வருவோரிடம், “மாப்பிள்ளை உத்தியோகமா?” என்பதன்றி, “தொழில் அறிவானா?” என நம்முள் யார் கேட்கின்றனர்?

ஆதலின் சங்கத்தார்க்கு யாம் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். முதலாவது, நம் கல்வி நிதியில் ஒரு பங்கைப் பட்டப் படிப்பினர்க்கேயன்றிக் கைத்தொழில் பயில்வோர்க்கும் ஒதுக்குதல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் ரொட்டியும் இனிப்பும் செய்யும் தொழிலுக்கு ஓராண்டுப் படிப்பு உளது. அதனை விரும்பும் பிள்ளைக்கு உதவி மறுக்கப்படலாகாது. இரண்டாவது, கடையை மூட எண்ணும் நம்மவர், மூடுமுன் ஓராண்டேனும் தம் தொழிலைக் கற்பித்தல் வேண்டும். கற்க வருவோன் மகனாயினும் மருமகளாயினும், நம் வகுப்பினனாயினும் பிற வகுப்பினனாயினும், விருப்பம் ஒன்றே தகுதியாகக் கொள்ளுதல் வேண்டும். இதனைக் கூறுதற்குச் சாதிச் சங்க மேடை ஏற்றதன்று எனச் சிலர் நினைக்கலாம். இதனினும் ஏற்ற மேடை வேறில்லை என்பதே எம் கருத்து. மூன்றாவது, நாம் விரும்பும் கடைக்குக் கடைசி நாளில் வரிசையில் நிற்பதை விடுத்து, இன்றே செல்லுதல் வேண்டும். அங்கே விலை பேசுங்கால் அவ்விலையில் ஓர் இரவின் உறக்கமும் அடங்கியுளது என்பதை நினைத்தல் வேண்டும்.

இவ்விண்ணப்பங்களை அடுத்த நிருவாகக் கூட்டத்தில் ஆராய்ந்து முடிவு செய்யுமாறு தலைவர் அவர்களை வேண்டி அமைகின்றோம்.