பட்டணத்துச் சுவையும் நம் சுவையும்



சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவை ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்கள். அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலையும், ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றின. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை நாடிப் பல மாவட்டத்து இளைஞர் வந்தனர். இன்று வடமாநிலத்தாரும் வருகின்றனர்.

வந்தவரை முதலில் வருத்துவது வேலையன்று, கூச்சம். 'ஏலே' என்றழைத்தால் அருகிலிருப்போர் நகைக்கின்றனர். கேழ்வரகுக் களி கொணர்ந்தவர் தூக்குச் சட்டியைத் திறக்கத் தயங்குகிறார். நாளடைவில் தமக்குப் பிடித்தது எதுவென்பதையே மறந்துவிடுகிறார்.

பட்டணத்துப் பொதுச்சுவை மட்டும் நிலையானதா? காப்பியை நோக்குங்கள். நீராகாரத்தை விரட்ட வந்த அந்நியப் பானமென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் அதனைக் கண்டித்தனர். பின்னர் அதுவே நம் விருந்தோம்பலின் அடையாளமாயிற்று. ஏழையின் உணவெனத் தள்ளப்பட்ட கேழ்வரகோ ஏற்றம் பெற்றது; 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது.

வரிசையில் நிற்பதும், அயலார் உறக்கத்தைக் கெடுக்காதிருப்பதும் நகர ஒழுங்கு. அவற்றைக் கற்றே தீரவேண்டும். உணவும் பேச்சும் பாட்டும் அவரவர் விருப்பம். புதியதைச் சுவைத்துப் பாருங்கள், பிடித்தால் கொள்ளுங்கள், நகைப்புக்கு அஞ்சி மட்டும் கொள்ளாதீர்கள்.

வேற்றுச் சுவைக்கு இடந்தரும் நகரமே முன்னேறிய நகரம். விடுதியில் வெளியூர்த் தோழர் தம் உணவை மறைப்பாராயின், அருகிலமர்ந்து ஒரு கவளம் கேட்டு உண்ணுங்கள்.