தழுவல் நாடகமும் நமது பேச்சும்



ஒரு நாடகத்தைத் 'தழுவல்' என்று அறிவித்த உடனேயே நம்மிற் பலர் அதற்கு ஒருபடி தாழ்வான இடத்தைக் கொடுத்துவிடுகிறோம். கதை இரவல், ஆகவே படைப்பும் இரவல் என்பது நமது எண்ணம். தமிழ் மரபு அப்படிக் கருதவில்லை. தொல்காப்பியர் வழிநூலுக்கும் இலக்கணம் வகுத்து, மொழிபெயர்ப்பை அதன் வகைகளுள் ஒன்றாக வைத்தார். வான்மீகியின் வழிவந்த கம்பனை நாம் இரவற் கவிஞன் என்பதில்லை. கதை எங்கிருந்தும் வரலாம். வந்த இடத்தில் அது யாருடைய வாயாற் பேசுகிறது என்பதையே நாம் பார்க்கவேண்டும். நகைச்சுவை நாடகத்தில் இது மேலும் முக்கியமாகிறது.

அமெரிக்க நாடக வரலாற்றின் தொடக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1777இல் இலண்டனில் ஷெரிடனின் 'ஸ்கூல் போர் ஸ்கண்டல்' மேடையேறியது. 'அவதூறுப் பள்ளி' என்று அதனை நாம் சொல்லிக்கொள்ளலாம். பத்து ஆண்டுகளின் பின், 1787இல், நியூயோர்க் நகரில் றோயல் ரைலர் எழுதிய 'கொன்ட்ராஸ்ட்' அரங்கேறியது. அமெரிக்கர் ஒருவர் எழுதித் தொழில்முறைக் குழுவினர் நடித்த முதல் நகைச்சுவை நாடகம் அதுவே என்பர். அதன் அச்சு ஷெரிடனுடையது. வம்பளக்கும் சீமாட்டிகள், நாகரிகப் போலி, நேர்மையான வீரன் எல்லாரும் அந்த வார்ப்பில் வந்தவர்களே. ஆனால், வீரனின் பணியாளாக வரும் ஜொனதன் என்ற நாட்டுப்புறத்தான் மட்டும் அமெரிக்க மண்ணில் முளைத்தவன். தன்னை 'வேலைக்காரன்' என்று எவரும் அழைக்க அவன் விடுவதில்லை. நாடகம் என்பதை அறியாமல் அரங்கினுட் புகுந்து, திரை விலகியதும் அயல்வீட்டினுள்ளே பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறான். அவன் பார்த்துவிட்டு வந்தது எது? ஷெரிடனின் அதே 'அவதூறுப் பள்ளி'! தமக்கு அச்சுத் தந்த நாடகத்தையே தமது ஊரானின் கண்ணாற் பார்க்கவைத்துச் சிரிப்பூட்டுகிறார் ரைலர். சுதந்திரப் போர் முடிந்து நான்கே ஆண்டுகளான ஒரு நாடு, தன் பேச்சுக்கு மேடையில் இடம் தேடிக்கொண்ட வழி அது.

தமிழில் என்ன நடந்தது? 1891இல் சென்னையிற் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். ஹம்லெட் அமலாதித்யன் ஆனான். மக்பெத் மகபதி ஆனான். வெனிஸ் நகரம் வாணீபுரம் ஆயிற்று. ஓசையும் தப்பாமல், பெயரும் தமிழ்க்காதுக்கு அந்நியமாகாமல் அமைத்த திறமை பாராட்டுக்குரியது. இருந்தும் அவருடைய நகைச்சுவை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 'சபாபதி'தான். எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் வைத்து அவர் கட்டிய சிரிப்பு, 1941இல் திரைப்படமாகியும் நிலைத்தது. அந்தச் சிரிப்பு நம் வீடுகளுக்குள்ளிருந்து வந்தது.

நமது காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், ஷேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று போற்றி, அவருடைய பன்னிரண்டு நாடகங்களை 'மதங்கசூளாமணி'யில் ஆராய்ந்தார். 1926இல் வெளிவந்த அந்நூல் நாடகத் தமிழின் இலக்கணம் காணும் முயற்சி. அதற்குச் செந்தமிழே தகும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையோ இரு வழிகளிலும் சென்றவர். ஹர்ஷரின் வடமொழி 'ரத்னாவளி'யை 'மாணிக்கமாலை'யாகத் தழுவியபோது இலக்கிய நடையைக் கையாண்டார். 1940இல் வெளிவந்த 'நானாடகம்' தொகுப்பிலோ, நம் மக்களைக் காட்டிச் சிரிக்கவைக்க யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை எடுத்துக்கொண்டார். அரண்மனைக் காதலுக்கு ஒரு தமிழ், உடையாரின் மிடுக்குக்கு வேறொரு தமிழ் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அழுகை எல்லை கடந்து எளிதிற் செல்லும். மகன் இறந்தால் எந்த நாட்டிலும் தாய் அழுவாள். நகை அப்படிப்பட்டதன்று. எள்ளலும் பேதைமையும் யாரிடம், யார் முன்னிலையில், எந்த முறைசொல்லிப் பேசும்போது வெளிப்படுகின்றன என்பதிலேதான் சிரிப்பு இருக்கிறது.

ஷெரிடனின் நாடகத்தையே பெரியகல்லாற்றுக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். கீழ்த்திசையிற் பொருளீட்டித் திரும்பும் சேர் ஒலிவர், தம்மை இன்னாரென்று காட்டாமல் ஜோசப், சாள்ஸ் என்ற சகோதரர் இருவரையும் சோதிக்கிறார். ஆங்கிலத்தில் அவர் வெறும் 'அங்கிள்'. தமிழில் எழுதத் தொடங்கியதும் முதற் கேள்வி எழுகிறது: அவர் சித்தப்பாவா, மாமாவா? மூலத்தில் அவர் தந்தைவழி உறவினர். இங்கே அவரைத் தாய்மாமனாக்கினாற் கதையே வலுப்பெறும். மட்டக்களப்பிற் குடி தாய்வழியாக வருவது. மாமனும் மருமகனும் ஒரே குடி. மாமன் பெற்ற பிள்ளைகளோ அவர் மனைவியின் குடி. கோயிலில் வண்ணக்கராக இருக்கும் உரிமையும் குடிவழி வருவதே. ஆகவே, தன் குடிக்குத் தகுந்த மருமகன் எவன் என்று மாமன் சோதித்துப் பார்ப்பதற்கு இலண்டனிற் கிடைக்காத ஒரு காரணம் இங்கே கிடைக்கிறது.

சாள்ஸ் குடும்பத்து முன்னோரின் ஓவியங்களையெல்லாம் விற்றுவிடுகிறான். மாமனின் படத்தை மட்டும் விற்க மறுக்கிறான். நம் வீடுகளில் ஓவிய மண்டபம் ஏது? குத்துவிளக்கும் தாம்பாளமும் விலைபோகட்டும். வந்தவர்க்கு வெற்றிலை வைத்து மரியாதை செய்யும் வட்டா ஒன்று மிஞ்சட்டும். விலைபேச வந்தவர் தன் மாமன்தான் என்பதை அறியாத அந்த ஊதாரி, "அது மாமாட வட்டா. அத மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லவேண்டும். அதையே "அது என் மாதுலனின் வட்டா, விற்க ஒருப்படேன்" என்று சொல்லவைத்தால், சபையோர் கண்கலங்கவேண்டிய இடத்திற் சிரித்துவிடுவார்கள்.

பாடசாலை நாடகப் பிரதிகளைப் படிக்கும்போது எனக்குக் கவலை தருவது இதுதான். அவற்றில் நாயகன் புத்தகத் தமிழ் பேசுகிறான், நாயகி சினிமாத் தமிழ் பேசுகிறாள். 'மறுகா' என்றும் 'கிறுகி' என்றும் 'மனே' என்றும் நாம் நாளும் பேசும் தமிழ், வீட்டு வேலையாளுக்கும் குடிகாரனுக்கும் மட்டும் ஒதுக்கப்படுகிறது. அதைக் கேட்டுச் சபை சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு நாடகத்தைக் கண்டு வந்ததன்று. நம் பேச்சை நாமே எள்ளியதால் வந்தது. பத்துப் பதினைந்து வயதிற் பிள்ளை மேடையிற் கற்றுக்கொள்ளும் இந்தக் கூச்சம் பின்பு எளிதில் நீங்குவதில்லை. வட்டக்களரியில் அரசன் செந்தமிழிற் பாட, சிரிப்பூட்ட வருபவன் ஊர்ப்பேச்சிற் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பேச்சை மாமனுக்கும் மருமகனுக்கும், காதலுக்கும் மானத்துக்கும் கொடுத்துப் பார்க்கவேண்டியதே மீதமுள்ள வேலை.

ஆசிரிய நண்பர்கள் அடுத்த தவணையில் ஓர் அந்நிய நாடகத்தின் ஒரு காட்சியை மட்டும் எடுத்து மாணவரிடம் கொடுக்கலாம். யார் யாருக்கு என்ன முறை என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். உரையாடலைப் பிறகு எழுதட்டும். கதை கடல்கடந்து வந்ததாக இருக்கட்டும். அதற்கு நம் ஊரில் உறவு தேடிக்கொடுக்கும் பொறுப்பு நம்முடைய பிள்ளைகளுடையது.